வெள்ளிக்குக் கணக்கு இருந்தது



'எம்டன்' என்னும் சொல்லை அறியாத தமிழர் அரிது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்து, எண்ணெய்க் கிடங்குகளைத் தீக்கிரையாக்கிச் சென்ற ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. பின்னர் அஞ்சாநெஞ்சனையும், எதற்கும் துணிந்த எத்தனையும் 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நம்மைத் தாக்க வந்த கப்பலின் பெயர் இவ்வாறு நம் மொழியிலேயே நிலைபெற்றது.

ஆனால் 'திலாவா' என்னும் பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? நம் நாட்டு மக்களை ஏற்றிச் சென்று, நடுக்கடலில் 280 உயிர்களோடு மூழ்கிய கப்பல் அது. தாக்கியவனின் பெயரைச் சொல்லாக்கி வைத்துக்கொண்ட நாம், தாக்கப்பட்டவர்களின் கப்பலை மறந்துவிட்டோம். அந்த மறதியைப் பற்றியும், அதிலிருந்து நம் குடும்பங்கள் பெறவேண்டிய பாடத்தைப் பற்றியும் இம்மாதம் சற்றே சிந்திப்போம்.

சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா'வை நம் முதியோர் நன்கறிவர். 'பிரிட்டிஷ் இந்தியா' கம்பெனிக்குச் சொந்தமான அந்தக் கப்பலில் சபர் போய்ப் பொருளீட்டி வந்த மூதாதையரின் கதை, சோழ மண்டலக் கரையில் மட்டுமன்று, உள்நாட்டு ஊர்களிலும் பல வீடுகளில் உண்டு. அதே கம்பெனியின் மற்றொரு கப்பல்தான் திலாவா. 1924இல் கட்டப்பட்டது, பத்தாயிரம் டன்னுக்குச் சற்றே மேற்பட்டது. ரஜூலா கீழ்த்திசைக்கு ஓடியதுபோல், திலாவா பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கு ஓடியது.

1942 நவம்பர் 20ஆம் நாள் அக்கப்பல் பம்பாயிலிருந்து புறப்பட்டது. மொம்பாஸா, இன்று மபூட்டோ எனப்படும் லொரென்ஸோ மார்க்கஸ், டர்பன் ஆகிய துறைமுகங்கள் அதன் இலக்கு. 732 பயணிகள், 222 கப்பலோட்டிகள், 4 பீரங்கி வீரர்கள் என மொத்தம் 958 பேர் அதில் இருந்தனர். பயணிகளில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். கடை வைக்கப் போனவர், தந்தையிடம் போன பிள்ளைகள், கணவரிடம் போன பெண்கள் எனக் குடும்பம் குடும்பமாகச் சென்றவர்கள். கப்பலின் அடியறையில் 2,364 வெள்ளிப் பாளங்கள் இருந்தன. தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அடிப்பதற்காக வாங்கிய வெள்ளி அது.

நவம்பர் 23ஆம் நாள் பின்னிரவு இரண்டு மணியளவில், சீஷெல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே தொள்ளாயிரம் மைலுக்கும் அப்பால், 'ஐ-29' என்னும் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய டார்ப்பிடோ திலாவாவைத் தாக்கியது. உறக்கத்திலிருந்து பதறி எழுந்த பயணிகள் உயிர்காப்புப் படகுகளை நோக்கி ஓடினர். நெரிசலில் பலர் கடலில் விழுந்து மாண்டனர். 'பயணிகள் பீதியடைந்ததால் உயிரிழப்பு மிகுந்தது' என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. நடுநிசியில் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற ஒரு தாய் பீதியடையாமல் வேறென்ன செய்வாள் என்று அக்குறிப்பை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

முதல் அடியில் கப்பல் உடனே மூழ்கிவிடவில்லை. கப்பல் மிதப்பதைக் கண்டு, படகில் இறங்கியவர்களில் சிலர் நம்பிக்கையோடு மீண்டும் ஏறினர். அப்போதுதான் இரண்டாவது டார்ப்பிடோ வந்தது. கம்பியில்லாத் தந்தி அதிகாரியான டங்கன் என்பவர் இறுதிவரை தம் இருக்கையை விட்டு எழாமல் அபாயச் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்து, கப்பலோடு தாமும் மூழ்கினார். இரு நாட்களுக்குப் பின் 'பர்மிங்ஹாம்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து, படகுகளிலும் மிதவைகளிலும் தத்தளித்தவர்களை மீட்டு, 27ஆம் நாள் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தது. 'கார்த்தேஜ்' என்னும் மற்றொரு கப்பலும் சிலரை மீட்டது. பிழைத்தவர் 678 பேர். மீளாதவர் 280 பேர். அவர்களுள் 252 பேர் பயணிகள், 28 பேர் கப்பலோட்டிகள்.

இனி வியப்புக்குரிய ஒரு செய்தியைக் கேளுங்கள். நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே வந்த வரலாறு நமக்குத் தெரியும். 1943 ஏப்ரல் 28ஆம் நாள் மடகாஸ்கருக்கு அருகே கொந்தளிக்கும் கடலில், ஜெர்மானியக் கப்பலிலிருந்து ரப்பர்ப் படகின் வழியே அவர் ஜப்பானியக் கப்பலுக்கு மாறினார். அப்போது அவருடன் இருந்த ஒரே இந்தியத் தோழர், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன். அவ்விருவரையும் ஏற்றிச் சென்று சுமத்திராவுக்கு வடக்கே சபாங் தீவில் சேர்த்தது எந்தக் கப்பல்? அதே ஐ-29தான்! திலாவாவை மூழ்கடித்து ஐந்து மாதங்களே கடந்திருந்தன. இந்திய விடுதலைக்குப் புறப்பட்ட தலைவரைச் சுமந்த கப்பலே, ஒரு போரிலும் கலந்துகொள்ளாத 252 பயணிகளைக் கடலுக்கு இரையாக்கிய கப்பலாகவும் இருந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1944 ஜூலை 26ஆம் நாள் லூசான் ஜலசந்தியில் அமெரிக்க நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு இலக்காகி மூழ்கியது. அதிலிருந்தவர்களில் ஒருவர் மட்டுமே பிழைத்தார்.

போருக்கும் வரம்பு உண்டு என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் நெறி. உலக நாடுகளும் அதனை ஏட்டளவில் ஒப்புக்கொண்டிருந்தன. வணிகக் கப்பலை மூழ்கடிக்கும் முன் அதிலுள்ள பயணிகளையும் கப்பலோட்டிகளையும் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும் என்பது 1936 நவம்பர் 6ஆம் நாள் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை. பிரிட்டனும் அமெரிக்காவும் ஜப்பானும் அதில் கையெழுத்திட்டன. பின்னர் ஜெர்மனியும் இணைந்தது. போர் மூண்டதும் எந்தத் தரப்பும் அதனைப் பேணவில்லை. 1944 செப்டம்பர் 18ஆம் நாள் சுமத்திராக் கரையருகே 'ஜுன்யோ மாரு' என்னும் ஜப்பானியக் கப்பலை ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி தாக்கியது. அக்கப்பலில் அடைத்துக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் போர்க் கைதிகளும், ஜாவாவிலிருந்து பிடித்துவரப்பட்ட கூலித் தொழிலாளர்களும் ஆவர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாக்கியவர்களுக்கு அக்கப்பலுள் யார் இருக்கிறார் என்பதே தெரியாது.

இனி வெள்ளிக்கு வருவோம். திலாவாவோடு மூழ்கிய 2,364 பாளங்களும் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் எழுபத்தைந்து ஆண்டுகள் கிடந்தன. 2017இல் ஒரு தனியார் நிறுவனம் நவீனக் கருவிகளைக் கொண்டு அவற்றை மீட்டெடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றது. அவற்றின் மதிப்பு சுமார் 4 கோடியே 30 லட்சம் டாலர் என்று கணக்கிடப்பட்டது. 'மீட்டவர்களாகிய எங்களுக்குக் கூலி வேண்டும்' என்றது நிறுவனம். 'வெள்ளி எங்களுடையது, உங்கள் நீதிமன்றத்தில் எங்கள் மீது வழக்குத் தொடர இயலாது' என்றது தென்னாப்பிரிக்கா. 2020இல் உயர்நீதிமன்றமும், 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தன. இரு தரப்பும் சமரசம் செய்துகொண்ட பின்னரும், பிரிட்டனின் உச்சநீதிமன்றம் 2024 மே 8ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் வாதமே சரியென்று தீர்ப்புரைத்தது.

சிந்தித்துப் பாருங்கள். வாங்கியவர் யார், எத்தனை பாளங்கள், எங்கிருந்து எங்கே, எதற்காக என்பன யாவும் எழுதப்பட்டிருந்தன. ஆகவே எண்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த வெள்ளி தன் உரிமையாளரை அடைய முடிந்தது. எழுதிவைக்கப்பட்ட பொருளைக் கடலும் விழுங்கிவிட முடியவில்லை. அக்கப்பலிலேயே போன மனிதர்களின் நிலை என்ன? அவர்களுக்காக மும்பையில் ஒரு நினைவுக் கூட்டம் கூடியது 2022 நவம்பர் 23ஆம் நாள், எண்பது ஆண்டுகள் கழிந்த பிறகுதான். அதுவும் உற்றார் உறவினரின் வழித்தோன்றல்கள் உலகின் பல மூலைகளிலிருந்து ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துச் செய்த ஏற்பாடு.

கப்பலோட்டிகளுக்கு ஓர் ஏடு உண்டு. பிரிக்கப்படாத இந்தியாவின் கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் பணியாற்றி, இரண்டாம் உலகப் போரில் கடலையே கபுராகக் கொண்டுவிட்ட ஏறத்தாழ 6,500 பேரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பிரதி மும்பையில் இந்தியக் கப்பலோட்டிகள் இல்லத்திலும், மற்றொன்று வங்கதேசத்தில் சிட்டகாங் போர்க் கல்லறையிலும் வைக்கப்பட்டது. லஸ்கர் என்று அழைக்கப்பட்ட அந்த ஏழைக் கப்பலோட்டிகளில் கணிசமானோர் நம் சமுதாயத்தவர். அவர்களுக்கேனும் ஒரு பக்கம் கிடைத்தது. கட்டணம் செலுத்திப் பயணம் செய்தவருக்கு அந்த ஏட்டில் இடமில்லை.

'பெயர் எழுதப்படாவிட்டால் என்ன? படைத்தவன் அறிவானே' என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. நீரில் மூழ்கி இறப்பவரும் ஷஹீதின் நன்மையைப் பெறுவார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். மறுமையின் கணக்கில் எவரும் விடுபட்டுவிட மாட்டார். ஆனால் இம்மையில் அவர் விட்டுச் சென்ற மனைவிக்கும் மக்களுக்கும் கடன் கொடுத்தவருக்கும் கணக்கு வேண்டுமே!

அரபுக் கல்லூரிகளில் பாகப் பிரிவினைக்காக ஓதப்படும் 'ஸிராஜி' என்னும் கிதாபில், நீரில் மூழ்கியும் தீயில் வெந்தும் இடிபாட்டில் சிக்கியும் ஒன்றாக இறந்தவர்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. அதனை நடத்தும்போது ஒரு மாணவர் என்னிடம், 'ஹஜ்ரத், சத்தியமங்கலத்தில் நமக்குத் தெரிந்ததெல்லாம் பவானி ஆறுதான். கப்பல் மூழ்குகிற சட்டம் நமக்கு எதற்கு?' என்று வினவினார். வகுப்பே சிரித்தது. அவ்வினாவுக்கு விடையாகத்தான் திலாவாவின் கதையை அன்று சொன்னேன்.

தந்தையும் மகனும் ஒரே கப்பலில் மூழ்கினர். முதலில் இறந்தவர் எவர் என்று அறிய வழியில்லை. அந்நிலையில் ஒருவருக்கு மற்றவர் வாரிசாக மாட்டார். ஒவ்வொருவரின் சொத்தும் உயிரோடுள்ள அவரவர் வாரிசுகளையே சேரும் என்பது ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி சட்ட அறிஞர்களின் முடிவு. தந்தை தம் மகனுக்கு முன் இறந்ததைக் கண்ணால் கண்ட ஒருவர் உயிர் தப்பி வந்து சாட்சி சொல்வாராயின் கணக்கே மாறிவிடும். மகனின் விதவைக்கும் அவள் குழந்தைகளுக்கும் கிடைக்கும் பங்கு அந்த ஒரு சாட்சியத்தில் தொங்குகிறது.

இறந்தாரா, இருக்கிறாரா என்றே தெரியாதவரை நம் நூல்கள் 'மஃப்கூத்' என்கின்றன. அவருடைய மனைவியின் துயரம் பெரிது. அவர் வயதொத்தவர்கள் யாவரும் மறையும் வரை அவள் காத்திருக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் பழைய முடிவு. காஜியிடம் முறையிட்ட பின் நான்கு ஆண்டுகள் காத்திருந்து, அதன்பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து மறுமணம் செய்துகொள்ளலாம் என்பது மாலிகி மத்ஹபின் வழி. பெண்களின் அவலத்தைக் கண்டு மனமிரங்கிய மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி முதலிய ஹனஃபி உலமாக்களே, இத்தகைய இக்கட்டில் மாலிகி வழியைக் கைக்கொள்ளலாம் என்று 1930களில் தீர்ப்பு வழங்கினர். அதன் பயனாக விளைந்ததே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண விலக்குச் சட்டம். கணவர் இருக்கும் இடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரலாம். தீர்ப்பு ஆறு மாதங்களுக்குப் பின்னரே செயலுக்கு வரும்; அதற்குள் கணவர் திரும்பி வந்து தம் கடமைகளை ஏற்கத் தயாரென நிரூபித்தால் தீர்ப்பு இரத்தாகும். இன்றும் நடைமுறையிலுள்ள சட்டம் இது. சொத்து முதலிய விஷயங்களில், ஏழாண்டுகளாகச் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கருதும் விதி 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது.

ஆக, ஒருவர் கப்பலேறினாரா என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுச் சான்று இருந்தால் ஒரு பெண்ணின் வாழ்வு தெளிவடைகிறது. அது இல்லாவிட்டால் அவள் சுமங்கலியும் அல்லள், விதவையும் அல்லள். வாசற்படியில் அமர்ந்து தபால்காரரை எதிர்பார்த்தே மூப்படைந்துவிடுவாள்.

'அது போர்க் காலம். இன்று யாருக்கு அந்த நிலை?' என்று எண்ணிவிடாதீர்கள். 2024 மார்ச் 6ஆம் நாள் ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' என்னும் சரக்குக் கப்பல் ஏவுகணையால் தாக்கப்பட்டது. கப்பலோட்டிகள் மூவர் உயிரிழந்தனர். 21 பேரை இந்தியக் கடற்படையின் 'ஐ.என்.எஸ். கொல்கத்தா' மீட்டது. கடல் மட்டுமா? வளைகுடா நாட்டுப் பாலைவனத்தில் வாகனம் ஓட்டும் தம்பியும், லாரி ஓட்டி மைசூருக்குத் திம்பம் மலைப்பாதை ஏறும் மாமாவும் சபராளிகளே.

கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கக் கட்டளையிடும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் என்பதை நீங்கள் அறிவீர்கள். வஸிய்யத் செய்யவேண்டிய பொருள் உடையவர் அதனை எழுதித் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பதும் நபிமொழியின் கருத்து. எழுத்தை இத்துணை வலியுறுத்திய மார்க்கத்தைச் சேர்ந்த நம் வீடுகளில் பயணம் போகிறவரின் கணக்கு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அவருடைய நெஞ்சுக்குள்ளும், இந்நாளில் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கைப்பேசிக்குள்ளும்தான். அவர் திரும்பாவிட்டால் இரண்டும் திறவா.

ஆதலால், வாசகப் பெருமக்களே, இம்மாதம் இரு பணிகளைச் செய்யுமாறு உங்களை அன்போடு வேண்டுகிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டிலிருந்து வெளியூர், வெளிநாடு செல்பவர் ஒவ்வொருவரும் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதி, தாயிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டுப் புறப்படட்டும். கொடுக்க வேண்டிய கடன் எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, தம்மிடமுள்ள பிறருடைய அமானிதம் எது, மனைவிக்குச் செலுத்த வேண்டிய மஹர் பாக்கி உண்டா என்பனவே அவை. பாஸ்போர்ட்டின் நகலையும், வேலை தருபவரின் முகவரியையும் அத்துடன் இணைத்துவிடுங்கள். மஹல்லா ஜமாஅத்துகள் நிகாஹ் தப்தரை எவ்வளவு கவனமாகப் பேணுகின்றனவோ, அதே கவனத்தோடு சபராளிகளின் பதிவேடு ஒன்றையும் வைக்கலாம். முத்தவல்லிகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தின் செலவுதான்.

இரண்டாவது, உங்கள் குடும்பத்தில் கப்பலேறிப் போய்த் திரும்பாத ஒரு பாட்டனார் உண்டா என்று முதியோரிடம் கேளுங்கள். பர்மாவோ, மலாயாவோ, ஆப்பிரிக்காவோ, எதுவாயினும் சரி. அவர் பெயர், தந்தை பெயர், புறப்பட்ட ஆண்டு, கப்பலின் பெயர், கடைசிக் கடிதம் வந்த ஊர் என நினைவில் உள்ளவற்றை எழுதிக்கொள்ளுங்கள். உடல் காணாதவருக்குத் தொலைவிலிருந்து ஜனாஸாத் தொழுகை நடத்துவதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபு அனுமதிக்கிறது, ஹனஃபி மத்ஹபு அனுமதிப்பதில்லை. ஆனால் அவருக்காக துஆச் செய்வதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பெயரைச் சொல்லி துஆச் செய்ய, முதலில் அந்தப் பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கேட்டால் சொல்லக்கூடிய முதியோர் ஒவ்வொருவராக நம்மை விட்டு மறைந்து வருகின்றனர் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

கடலில் மாண்ட அனைவர் மீதும், அவர்களுக்காகக் காத்திருந்தே காலம் கழித்தவர்கள் மீதும் எல்லாம் வல்ல அல்லாஹ் கருணை பொழிவானாக! பயணத்திலிருக்கும் நம் பிள்ளைகளை நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.